புரூஜ் பாலத்தில் நாற்பது நிமிடம்

என் கணவரின் முதுகைப் பற்றி எழுதச் சொன்னால் நிறுத்தாமல் பத்துப் பக்கம் எழுதுவேன். முகத்தைப் பற்றி எழுதச் சொன்னால் கொஞ்சம் யோசிக்க வேண்டும். வெள்ளைச் சட்டை போட்டிருந்தால் முதலில் இடது தோள்பட்டைக்குக் கீழேதான் வேர்வை படியும்; நடுமுதுகு அதற்கப்புறம்தான் நனையும். கோபத்தில் இருந்தால் வலது தோள் ஓர் அங்குலம் ஏறியிருக்கும். முடி வெட்டி மூன்று வாரம் தாண்டினால் பிடரியில் ஒரு சுழி கிளம்பும். இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், கல்யாணமான முப்பத்தோரு வருடமாக அவர் முன்னால் நடக்கிறார், நான் பத்தடி பின்னால் நடக்கிறேன். ராசிபுரம் சந்தையிலும் அப்படித்தான், சேலம் கடைவீதியிலும் அப்படித்தான். எங்கள் பக்கத்தில் இதை யாரும் அதிசயமாகப் பார்ப்பதில்லை. மணவறையைச் சுற்றி வரும்போது அவருடைய சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். அதுதான் முதலும் கடைசியும் என்று பள்ளிக்கூடத்தில் மற்ற டீச்சர்களிடம் சொல்லிச் சிரிப்பேன். சிரிப்பேனே தவிர, உள்ளுக்குள் சுருக்கென்றுதான் இருக்கும்.

அவர் பதினான்கு வருடம் லாரி ஓட்டியவர். நாமக்கல்லில் லோடு ஏற்றினால் நாக்பூர், கௌஹாத்தி என்று போய் இருபது நாள் கழித்துத் திரும்புவார். பிறகு புதுச்சத்திரத்துக்குப் பக்கத்தில், நெடுஞ்சாலை ஓரமாகவே, லாரிக்கு பாடி கட்டும் பட்டறை வைத்தார். நான் அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சர். இன்னும் நான்கு வருட சர்வீஸ் பாக்கி இருக்கிறது. எங்களுக்கு ஒரே மகள். கல்யாணமாகி பெல்ஜியத்தில், பிரஸ்ஸல்ஸ் நகரத்தில் மருமகனோடு இருக்கிறாள். ஒரு மே மாத விடுமுறையில் எங்கள் இருவரையும் அங்கே அழைத்துக்கொண்டாள். ஊரில் தார் ரோடு உருகிக்கொண்டிருந்த நேரம். அங்கே போய் இறங்கினால் ஸ்வெட்டர் இல்லாமல் வாசலுக்குக்கூட வர முடியவில்லை.

போன பத்தாவது நாள் மகள் ஒரு திட்டத்தோடு வந்தாள். சனி, ஞாயிறு இரண்டு நாள். சனிக்கிழமை கென்ட், ஞாயிற்றுக்கிழமை புரூஜ். இரண்டும் பழைய காலத்து ஊர்கள், ரயிலில் கொஞ்ச நேரம்தான், இறங்கினால் எல்லாவற்றையும் நடந்தே பார்த்துவிடலாம், கென்டில் தங்க அறை போட்டாயிற்று என்றாள். நீயும் வருகிறாயா என்றதற்கு, "நான் எதுக்கு? நீங்க ரெண்டு பேரும் மட்டும் போங்க. ஒருக்காவாச்சும் தனியாப் போயிட்டு வாங்கம்மா" என்றாள். அவள் சொன்னதில் தப்பில்லை. வீட்டு மொட்டைமாடியில் நின்றால் தெரிகிற ஏற்காட்டுக்கே நாங்கள் இருபத்திரண்டு பேரோடு வேனில் போனவர்கள். கணவனும் மனைவியுமாக ஓர் ஊரைப் பார்க்க என்று நாங்கள் கிளம்பியதே இல்லை. எனக்கு அன்றே ஓர் ஆசை பிடித்துக்கொண்டது. கோட்டையும் வேண்டாம், கோபுரமும் வேண்டாம். யாருக்கும் நம்மைத் தெரியாத அந்த ஊர்களில் இந்த மனிதர் பக்கத்தில், தோளோடு தோளாக, இரண்டு நாள் நடந்துவிட வேண்டும். ஐம்பத்தாறு வயதில் இப்படி ஆசைப்பட வெட்கமாக இருந்ததா என்றால், இல்லவே இல்லை.

கென்டில் ரயிலை விட்டு இறங்கியதும் அவர் தன் வழக்கப்படி கிளம்பிவிட்டார். கைப்பேசியில் வரைபடம் இருக்கிறது என்று நான் பையைத் துழாவி எடுப்பதற்குள் முதுகு இருபதடி போய்விட்டது. எந்த ஊரானாலும் அவருக்கு வழி தெரியும். மொழி தெரியாத ஊரில் லாரியைக் கொண்டுபோய்ச் சரியான குடோன் வாசலில் நிறுத்தியவருக்குக் கென்ட் எம்மாத்திரம்? கருங்கல் பாவிய தெருக்கள், ஆற்றுக்கு இரண்டு பக்கமும் படிக்கட்டு மாதிரி முகப்பு வைத்த உயரமான வீடுகள், ஊர் நடுவிலேயே ஒரு கோட்டை. ஜனங்கள் அதையெல்லாம் நின்று பார்த்துக்கொண்டிருக்க, இவர் பாலத்தின் இரும்புக் கைப்பிடியில் ஆணி அடித்திருக்கும் இடைவெளியை விரலால் அளந்துகொண்டிருந்தார். டிராம் வண்டி கடந்து போனால், அதன் பக்கத் தகடு ஒரே துண்டா ஒட்டுப்போட்டதா என்று குனிந்து பார்ப்பார். அந்த நேரத்தில் நான் எட்டிப்போட்டு நடந்து அவர் பக்கம் போய்ச் சேருவேன். சேர்ந்த மறு நிமிடம் அவர் கிளம்பிவிடுவார்.

"ஏனுங்க, கொஞ்சம் மெதுவாத்தான் போங்களேன்" என்றேன் ஒருமுறை.

"மெதுவாத்தானே அம்முணி போறேன்" என்றது முதுகு. கழுத்து ஓர் இம்மிகூடத் திரும்பவில்லை.

எங்களைச் சுற்றி எல்லாரும் ஜோடி ஜோடியாகப் போய்க்கொண்டிருந்தார்கள். இளசுகளை விடுங்கள், எண்பது வயதுத் தாத்தா ஒருவர் தன் வீட்டுக்காரியின் கையைப் பிடித்தபடி, ஒவ்வொரு கல்லாகப் பார்த்துக் கால் வைத்துப் போனார். அந்த அம்மாள் நின்றால் அவரும் நின்றார். நான் அதைப் பார்த்தேன். எனக்கு முன்னால் போன முதுகையும் பார்த்தேன். எரிச்சலாக வந்தது. இத்தனை வருடத்தில் நான் பின்னால் வருகிறேனா, விழுந்தேனா, செத்தேனா என்று இந்த மனிதர் ஒருநாள் திரும்பிப் பார்த்திருக்கிறாரா? நானும் பள்ளிக்கூடத்தில் நாற்பது பிள்ளைகளை ஒரு பார்வையில் உட்கார வைக்கிறவள்தான். என்னை என்னவென்று நினைத்துக்கொண்டிருக்கிறார்? அன்று ராத்திரி அறையில் நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். நடந்த களைப்பு என்று அவராகவே முடிவு செய்துகொண்டு, காலுக்குத் தேய்க்கத் தைலம் எடுத்துக் கொடுத்துவிட்டுத் தூங்கிப்போனார்.

மறுநாள் புரூஜ். கென்டைவிடச் சின்ன ஊர், ஊரெல்லாம் கால்வாய். கடைகள் நெருங்கிய பெரிய சதுக்கத்தைப் பார்த்து முடித்துவிட்டு, கூட்டமில்லாத ஒரு தெருவுக்குள் அவர் நுழைந்தார், நான் பின்னால். ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் பழைய செங்கல் சுவர். வழியில், நடு உயர்ந்து வளைந்த ஒரு சின்னக் கல்பாலம் வந்தது. அவர் செங்கல் சுவரைப் பார்த்தபடி, சுண்ணாம்பில் என்ன கலந்து கட்டியிருப்பார்கள் என்று எனக்கு விளக்கிக்கொண்டே பாலத்தைத் தாண்டினார். பாலத்தின் உச்சியில் நான் நின்றேன். கால் வலித்து நிற்கவில்லை, வேண்டுமென்றே நின்றேன். இன்றைக்குப் பார்த்துவிடலாம், எவ்வளவு தூரம் போனபிறகு இந்த மனிதருக்குத் தன் பெண்டாட்டி நினைவு வருகிறது என்று கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டேன். அவர் பேசிக்கொண்டே போனார். கையை நீட்டி எதையோ காட்டினார். என்னிடம்தான் காட்டினார், நான்தான் அங்கே இல்லை. பிறகு தெரு வளைந்த இடத்தில் முதுகு மறைந்துவிட்டது.

ஐந்து நிமிடத்தில் வந்துவிடுவார் என்றுதான் எண்ணினேன். வந்ததும் என்ன சொல்ல வேண்டும் என்று வசனமெல்லாம் தயார் செய்து வைத்திருந்தேன். ஐந்து நிமிடம் பத்தானது. சைக்கிளில் போன ஒரு நடுவயதுப் பெண், அந்த ஊரிலேயே ஒற்றைச் சேலைக்காரி நான்தானே, வண்டியை நிறுத்தி ஏதாவது உதவி வேண்டுமா என்று ஆங்கிலத்தில் கேட்டாள். கணவருக்காகக் காத்திருக்கிறேன், இதோ வந்துவிடுவார் என்று மிடுக்காகச் சொல்லி அனுப்பினேன். அப்போதுதான் எனக்கு உறைத்தது: வேலை செய்கிற கைப்பேசி ஒன்றுதான், அது என் பையில். அவருடையதில் அந்த ஊர் சிம் இல்லை. மகள் வீட்டு வைஃபையில் மட்டும்தான் ஓடும். பாஸ்போர்ட்டும் ரயில் டிக்கெட்டும் அவர் இடுப்புப் பையில். மகளைக் கூப்பிட்டால் என்னவென்று சொல்வது? அப்பாவைத் தொலைத்துவிட்டேன் என்றா? நானாகத்தான் நின்றேன் என்றா?

தேடிப் போயிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். போகவில்லை. இருபத்தெட்டு வருடமாகப் பிள்ளைகளைச் சுற்றுலா அழைத்துப் போகிறவள் நான். மேட்டூர் அணைப் பூங்கா வாசலில் ஒவ்வொரு வருடமும் நான் சொல்லும் முதல் விதி, 'தனியாகிவிட்டால் நின்ன இடத்திலேயே நில்லு, டீச்சர் தேடி வருவேன்' என்பதுதான். நானும் நின்ன இடத்திலேயே நின்றேன். இருபது நிமிடம் ஆனது. கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. கால்வாய்க்குக் கைப்பிடியே இல்லாத இடங்கள் இருந்தன. அவருக்குச் சர்க்கரை வேறு. மாத்திரை டப்பா என்னிடம். முப்பத்தைந்தாவது நிமிடம் அதே சைக்கிள்காரி திரும்பி வந்தாள். காய்கறிப் பையோடு வந்தவள் என்னைப் பார்த்து, "இன்னுமா?" என்று கேட்டாள். தலையை மட்டும் ஆட்டினேன்.

பிறகு அவர் வந்தார். வளைவில் திரும்பி என்னை நோக்கி வந்தது முகம். முழங்கால் தேய்ந்தவர், ஓடவும் முடியாமல் நடக்கவும் மனமில்லாமல் ஒருமாதிரி தாவித் தாவி வந்தார். என்னைக் கண்டதும் ஒரு கணம் நின்றார். பிறகு பாலம் ஏறி வந்து என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"உனக்கு ஒண்ணும் இல்லையே சாமி?" என்றார். அவர் என்னைச் 'சாமி' என்றது அதுவரை ஒரே ஒருமுறைதான், மகள் பிறந்த அன்று ஆஸ்பத்திரியில்.

அந்த நேரத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. பயம் தெளிந்ததும் வாய் தன் வேலையைக் காட்டிவிட்டது. "எங்கீங்க போனீங்க? நாப்பது நிமிஷமா இங்கயே நிக்கறேன்!"

"அந்த முக்குலதான் நின்னுட்டிருந்தேன். நீ வந்துருவீன்னு."

"நாந்தான் இங்க நிக்கறனே, நீங்க திரும்பி வர வேண்டாமா?"

"முன்வண்டி எங்காச்சும் திரும்புமா அம்முணி?" என்றார் பாவமாக. "ரெண்டு வண்டி சோடியாப் போறப்ப பின்வண்டி காணோம்னா, முன்வண்டி அடுத்த முக்குல ஓரங்கட்டி நிக்கோணும். திரும்புனா ரெண்டும் மாறி மாறிப் போயிரும். பின்வண்டி வந்துதான் சேரும். அதான்..."

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. நூறடி இடைவெளியில் ஒரு டிரைவரும் ஒரு டீச்சரும் அவரவர் தொழில் விதியைக் கட்டிக்கொண்டு நாற்பது நிமிடம் நின்றிருக்கிறோம். கடைசியில் விதியை மீறியது அவர்தான், நான் இல்லை. அப்போதும் என் மனம் ஆறவில்லை. முப்பத்தோரு வருடத்தையும் அங்கேயே கொட்டினேன்.

"ஒருக்காவாச்சும் திரும்பிப் பாத்திருக்கீங்களா? கண்ணாலமான நாள்ல இருந்து ஒருக்காவாச்சும்?"

அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். "எதுக்குத் திரும்போணும்? கண்ணாடில பாத்துட்டேதானே போறேன்?"

"எந்தக் கண்ணாடில?"

"கடைக் கண்ணாடிதான். இல்லாட்டி நிறுத்தி வெச்ச பைக்குக் கண்ணாடி, பஸ்ஸுக் கண்ணாடி. வண்டி ஓட்டறவன் கழுத்தைத் திருப்பிப் பாக்கக் கூடாது அம்முணி, முன்னால எவனாச்சும் குறுக்க வந்துருவான். பின்னால வர்றதைக் கண்ணாடிலதான் பாக்கோணும்." சுற்றிலும் கையைக் காட்டினார். "இந்த வீதியப் பாரு. ஒரு பக்கம் தண்ணி, ஒரு பக்கம் செவுரு. ஒரு கடைகூட இல்ல. செவுரு நேர்த்தியைப் பாத்துட்டு, கண்ணாடி இல்லைங்கறதயே மறந்து போயிட்டேன். என்ற தப்புத்தான்."

கடைவீதியில் ஒவ்வொரு கண்ணாடிக்கும் தலையை ஒரு பக்கமாகச் சாய்ப்பார். உங்கப்பாவுக்கு மீசை அழகு பார்க்காமல் நாலடி நடக்க முடியாது என்று மகளிடம் சொல்லி இருவரும் எத்தனை நாள் சிரித்திருக்கிறோம்! ஒருமுறை சேலத்தில், ஜவுளி எடுக்கப் போன நாளில், என் செருப்பு வார் அறுந்துவிட்டது. ஊசி குத்தி ஒப்பேற்றுவதற்குப் பத்து நிமிடம் ஆனது. தலை நிமிர்ந்து பார்த்தால் அவர் சற்றுத் தள்ளி ஒரு பாத்திரக் கடை வாசலில் நின்று இட்லிப் பானைகளை வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பெண்டாட்டி நடுத்தெருவில் செருப்போடு போராடுகிறாள், இவருக்கு இட்லிப் பானை கேட்கிறது என்று வீடு வந்து சேரும்வரை திட்டினேன். மகளை வயிற்றில் சுமந்த ஏழாம் மாதம், ராசிபுரம் பஸ் நிலையத்துக்கு நடக்கும்போது வழியெல்லாம் கடை கடையாக நின்று விலை கேட்டார், எதையும் வாங்கவில்லை. கஞ்சத்தனம் என்று என் அம்மாவிடமே சொல்லியிருக்கிறேன். ஒவ்வொன்றாக நினைவுக்கு வர வர எனக்குத் தலை குனிந்துகொண்டே போனது. இட்லிப் பானைக் கடைக்கு முழு நீளத்தில் கண்ணாடிக் கதவு உண்டு.

அதற்குப் பிறகு அன்று மாலைவரை அவர் என் மணிக்கட்டை விடவில்லை. ரோட்டைக் கடக்கிற குழந்தையைப் பிடிக்கிற மாதிரி இறுக்கிப் பிடித்துக்கொண்டு, என் நடைக்குத் தன் நடையைக் குறைத்துக்கொண்டு, பக்கத்திலேயே வந்தார். சதுக்கத்தில் மணிக்கூண்டு பெரிதாகப் பாட்டு வாசித்தது. படகுகள் போயின. நான் ஆசைப்பட்டதெல்லாம் ஒன்றுவிடாமல் நடந்தது. ஆனால் என்னால் அதில் அரை நிமிடம்கூட லயிக்க முடியவில்லை. வழி தவறிய மனைவியை அவர் கண்டுபிடித்துக் கூட்டிப் போகிறார். நானோ வழி தவறவே இல்லை. 'என்ற தப்புத்தான்' என்று அவர் நடுநடுவே சொல்லும்போதெல்லாம் அந்தக் கை சுட்டது. இதை மறைத்தால் இந்த மனிதர் சாகும்வரை தன்னையே குற்றம் சொல்லிக்கொண்டிருப்பார். சொன்னாலோ, அவர் அப்படித் தாவித் தாவி வந்ததற்கு நான்தான் காரணம் என்று ஆகிவிடும். இதற்கு முன் அவரிடம் எதற்கும் பயந்ததில்லை நான். அன்று பயந்தேன்.

திரும்பும் ரயிலில் எதிரெதிரே உட்கார்ந்தோம். வெளியே வயலும் மாடுகளும் நல்ல வெளிச்சத்தில் இருந்தன. அந்த ஊரில் மே மாதம் ஒன்பது மணிவரை இருட்டாது. மகள் கட்டிக் கொடுத்து, அந்தக் குளிரில் கெடாமலிருந்த எலுமிச்சைச் சோற்றில் மிச்சத்தைத் திறந்தவள், மூடியைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னேன்.

"ஏனுங்க. நான் வழி தவறி நிக்கலீங்க. நீங்க திரும்பிப் பாக்கறீங்களான்னு பாக்கத்தான், வேணும்னே நின்னேன்."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஒரு ஸ்டேஷன் போனது. கோபமாக இருந்தால் வலது தோள் ஏறும் என்று எனக்குத் தெரியும். முன்பக்கத்திலிருந்து பார்த்தால் எப்படிக் கண்டுபிடிப்பது என்று தெரியவில்லை. அடுத்த ஸ்டேஷனும் போனபிறகுதான் பேசினார்.

"நீ வேணும்னு நின்னியோ, தெரியாம நின்னியோ, நான் அந்த முக்குல நின்ன நேரம் எனக்கு ஒண்ணுதான் அம்முணி." பிறகு முழங்காலைத் தடவிக்கொண்டே, "அங்கொரு மரத்துக்குப் பின்னால பெஞ்சு இருந்துச்சு. உக்காந்தா, நீ வாரப்ப மரத்துல மறைஞ்சு போயிருவனேன்னு உக்காரவே இல்ல" என்றார்.

நான் அழுதேன். பெட்டியில் நாலு பேர் பார்க்க, அடக்கவே முடியாமல் அழுதேன். அவர் சோற்று டப்பாவை என் கையிலிருந்து வாங்கி, முதலில் எனக்குத் தட்டில் வைத்தார். "இனிமே நிக்கோணும்னா சொல்லிப்போட்டு நில்லு" என்றார். அவ்வளவுதான் அவர் போட்ட தண்டனை.

இப்போது ஊரில் தினமும் காலையில் நடக்கப் போகிறோம். பட்டறையிலிருந்து கிளம்பி உள்ரோட்டில் இரண்டு கிலோமீட்டர். கூடுமானவரை பக்கத்தில் பக்கத்தில்தான் நடக்கிறோம். பட்டறை ஆட்கள் பார்த்துச் சிரிப்பதை இருவரும் கண்டுகொள்வதில்லை. வாய்க்கால் ஓரம் ரோடு குறுகும். எதிரே டிராக்டர் வந்தால் ஒருவர் முன்னே, ஒருவர் பின்னே என்றுதான் ஒதுங்க முடியும். அங்கே வந்ததும், "நீ முன்னால போ" என்று அவர் பின்தங்கிக்கொள்வார். இத்தனை வருடம் அவருடையதாகவே இருந்த இடம், நானும் வீறாப்பாகத்தான் முன்னால் போகிறேன். ஆனால் ஐந்தடி போவதற்குள் முதுகுப் பக்கம் என்னவோ காலியாகிவிட்டது போலிருக்கிறது. காலடிச் சத்தம் கேட்கிறதா என்று காது தானாகப் பின்னால் போகிறது. திரும்பிப் பார்க்கிறேன். இன்னொரு ஐந்தடி, மறுபடியும் திரும்பிப் பார்க்கிறேன். நேற்று அப்படித் திரும்பியதில் கல் தடுக்கி விழப் பார்த்தேன்.

"முன்னால பாத்து நட புள்ள" என்று பின்னாலிருந்து சத்தம் வந்தது. "வந்துட்டுத்தான் இருக்கறேன்."